ஓரிக்கை ரேணுகாம்பாள் ஓடினாள்

பெரியவளான பிறகு ரேணுகாம்பாள் முதல் தடவையாக ஓடியது ஓரிக்கைக்குப் போகும் சாலையில், உச்சி வெயிலில், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. யாரும் அவளைத் துரத்தவில்லை. பஸ்ஸைப் பிடிக்கவும் ஓடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் புருஷன் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

அது அறுபத்தேழாம் வருஷம், சித்திரை முடிகிற சமயம். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தைத் தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரியிலும், பிறகு ஓரிக்கையில் அண்ணன் வீட்டிலுமாகக் கழித்திருந்தாள். ஊசி, மாத்திரை, வாயில் வைக்க முடியாத கசப்புப் பொடி எல்லாம் ஒருவழியாக முடிந்தன. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "சுத்தமா ஆறிடுச்சும்மா. இனிமே நீ எல்லாரையும் போலத்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள்.

மாமியார் அங்கம்மாள் நிலைப்படியைத் தாண்ட விடவில்லை.

"டாக்டரு சொல்லுவாரும்மா. அவரா வந்து தறியில குந்தப் போறாரு?" என்றாள். "கெணத்துல ரெண்டு கொடம் தண்ணி சேந்தினா உனக்கு மேல்மூச்சு வாங்கும். நாலு எட்டு வெரசா நடந்தா படுத்துக்குவே. உன்னை வெச்சிக்கினு என் புள்ளை இன்னா பண்ணுவான், சொல்லு."

உள்ளே அவள் புருஷன் கோதண்டபாணி நெய்துகொண்டிருந்தான். பேச்சுச் சத்தம் கேட்டதும் தறியின் சத்தம் நின்றது. ரேணுகாம்பாள் காத்திருந்தாள். தறி மறுபடியும் தடக் தடக் என்று ஓட ஆரம்பித்தது. அவள் திரும்பி நடந்தாள்.

ஊர் எல்லை தாண்டும்வரை நடைதான். வீடுகள் முடிந்து வயல்கள் வந்ததும் அவளுக்கே தெரியாமல் கால்கள் வேகம் பிடித்தன. "நாலு எட்டு வெரசா நடந்தாலா? பாரு." கண்மண் தெரியாமல் ஓடினாள். எதிரே தெரிந்த மதகு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. விலாவில் கத்தியைச் செருகியது மாதிரி ஒரு பிடிப்பு. சாலையோரத்தில் மண்டியிட்டு இருமினாள். இருமி முடித்ததும், பழக்க தோஷத்தில், துப்பியதை உற்றுப் பார்த்தாள். வெறும் எச்சில்தான். பயம் போனது. கோபம் போகவில்லை. மாமியார் சொன்னது நிஜமாகவே இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இரு, உன்னைப் பொய்யாக்கறேன்" என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் ராஜவேலுவின் வீடு பாலாற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. நல்ல மனுஷன், ஆனால் பயந்தவன். அண்ணி தில்லையம்மாள் வாய் பேசாமல் வேலை செய்கிறவள். ரேணுவின் தட்டைத் தனியாகத்தான் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஓரிக்கையில் பெண்கள் விடிவதற்கு முன்பே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவது வழக்கம். ரேணுகாம்பாளும் அப்படிப் போனாள். சொம்பை ஒரு புதர் மறைவில் வைத்துவிட்டு, கரையோரத்து வண்டிப்பாதையில் ஓடினாள். அண்ணனுடைய பம்புசெட் கொட்டகை வரைக்கும் நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதான் முதல் ஆசை. அதற்கே பல வாரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் பாய்ந்து கிளம்புவாள், பாதியில் மூச்சு முட்டி நிற்பாள். ஒரு நாள் முழங்கால் வலியால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல் மாமியாரை முணுமுணுவென்று திட்டிக்கொண்டே போனாள். திட்டி முடிப்பதற்குள் பம்புசெட் வந்துவிட்டது. மூச்சு வாங்கியது, ஆனால் முட்டவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. அத்தையை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் தன்னுடைய வேகம். திட்டு நடுவில் அறுந்து போனால் வேகம் அதிகம்.

பம்புசெட்டுக்கு அப்புறம் பனைமர வரிசை. அதற்கு அப்புறம் ஐயனார் கோயில் திருப்பம். அடுத்ததைத் தொடும் முன்பே அதற்கும் அடுத்ததன் மேல் கண் போய்விடும். ஆனால் ஒன்றைச் சாதித்த பிறகுதான் மற்றதற்கு அனுமதி என்று தனக்குத்தானே கறாராக இருந்தாள்.

புடவை பெரும் தொல்லையாக இருந்தது. அதற்கு ஜுலைகாதான் வழி செய்தாள். காஞ்சிபுரம் டவுனில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைக்கிறவள் அவள். ஆஸ்பத்திரியில் ரேணுகாம்பாளுக்குப் பக்கத்துக் கட்டில். முன்னதாகவே குணமாகி வீடு திரும்பியிருந்தாள். ரேணு விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்தாள்.

"பொடவையோட ஓடினா பொடவைதான் ஓடும், நீ உழுந்துடுவே. ஷோக்கா ஒரு பைஜாமா தெச்சித் தரேன். மேல முட்டிவரைக்கும் ஜிப்பா. உள்பாடி ரெட்டைத் துணியில அழுத்தமா தெக்கிறேன். அது இல்லாம ஓடினா மாரு வலி எடுக்கும்."

"ஊர்ல யாராவது பாத்தா?"

"பாக்கட்டுமே. நம்ம ரெண்டு பேரையும் இத்தினி நாளா பாக்காத மாதிரி போனவங்கதான?"

பைஜாமா வந்த பிறகு ஓட்டம் சுலபமாயிற்று. மறைப்பது கஷ்டமாயிற்று. பாதை நீள நீள, திரும்பி வருவதற்குள் விடிந்துவிடும். ஒரு நாள் காலை, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த நாலு பேர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் தணிகாசலம், ஊர் இளைஞர் மன்றத்தின் தலைவர், ராஜவேலுவை நிறுத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"இன்னாபா ராஜவேலு, உன் தங்கச்சிக்கு மார்ல இருந்தது மூளைக்கு ஏறிடுச்சா?"

ராஜவேலு வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவவில்லை.

"இனிமே நீ ஓடக் கூடாது, ரேணு. ஊரே சிரிக்குது."

"நான் ரத்தமா துப்பினப்போ ஊரு சிரிக்கலை அண்ணா. மூக்கை மூடிக்கினு போச்சி. அதுக்கு இது தேவலை. சிரிக்கட்டும்."

"உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உக்காந்துக்கினு இருந்தப்போதான் எனக்கு எல்லாம் ஆச்சி. ஓடி ஒண்ணும் ஆவலை."

ராஜவேலு மனைவியின் பக்கம் திரும்பினான், அவளாவது சொல்லட்டும் என்று. தில்லையம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ ஓடறதால என் வேலை ஒண்ணும் கெடலை. முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு களை எடுக்கறா. ஊருல யாராவது வந்து எடுத்துக் குடுப்பாங்களா, கேட்டுட்டு வா" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாளிலிருந்து ரேணுகாம்பாள் சொம்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. வீட்டு வாசலிலிருந்தே ஓடினாள். டீக்கடையில் விசில் அடித்தார்கள். "எக்ஸ்பிரஸ் வருது, வழி உடு" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். மாமியாரைத் திட்டுகிற இடத்தில் இப்போது தணிகாசலமும் சேர்ந்துகொண்டார். அந்தக் கோபத்திலேயே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த ஊரான செவிலிமேட்டைத் தொட்டுவிட்டு நிற்காமல் திரும்பி வந்த நாளில், வீட்டுக் கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துத் தொட்டி முழுக்க நிரப்பினாள். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் அது எதற்கென்று தெரியவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வினோதமாக ஒன்று நடந்தது. செவிலிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு காலை, வழக்கம்போல அத்தையின் பேச்சை மனசுக்குள் கொண்டுவந்தாள். "நாலு எட்டு வெரசா நடந்தா..." அது சுடவே இல்லை. எவளோ எப்போதோ யாரிடமோ சொன்னது மாதிரி இருந்தது. தணிகாசலத்தை நினைத்துப் பார்த்தாள். அதுவும் எரியவில்லை. ஓட்டம் தானாகவே நடையானது, நடை நின்றது. மூச்சு நன்றாக இருந்தது, காலும் நன்றாக இருந்தது. எதற்காக ஓடுகிறோம் என்பதுதான் தெரியவில்லை. பாதையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடவே அவளுக்குக் காய்ச்சல் வந்தது, இருமலும் வந்தது. கொஞ்ச நாளாக எல்லாத் தட்டுகளோடும் சேர்ந்து கிடந்த அவளுடைய தட்டு, சத்தமில்லாமல் மறுபடியும் தனியாகப் போனது. ரேணுகாம்பாள் அதைப் பார்த்தாள். அண்ணியைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கே பயமாக இருந்தது. ராத்திரி போர்வைக்குள் துப்பிய துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அண்ணன்தான் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போனான். படம் வருவதற்குள் அவன் முகம் வற்றிப் போயிருந்தது. "மழைக் காய்ச்சல்தான். நெஞ்சு ரொம்ப நல்லா இருக்குது" என்று டாக்டர் சொன்னார். பிறகு படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இன்னாம்மா வேலை செய்றே?" என்று கேட்டார்.

"கழனி வேலை. காலைல ஓடறேன்."

"எங்க ஓடறே?"

"சும்மா, செவிலிமேடு வரைக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "காச்சல் போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மறுபடி ஆரம்பி" என்று மட்டும் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, இருவரும் செவிலிமேட்டுப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இதோ இங்கே ஒரு மேடு வரும், ஏறும்போது தோளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அந்தப் புளியமரத்துக்குக் கீழே எப்போதும் ஜில்லென்று ஒரு காற்று. இந்தத் திருப்பத்தில் சரளைக்கல் குத்தும். பஸ்ஸில் இருந்த யாருக்கும் அந்தச் சாலை அப்படித் தெரியாது. டிரைவருக்குக்கூடத் தெரியாது. உள்ளங்கால் குறுகுறுவென்றது. அண்ணன் பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கேயே இறங்கியிருப்பாள்.

உடம்பு தேறியதும் ஜுலைகாவைப் பார்க்கப் போனாள்.

"செவிலிமேட்டைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் ஓடிப் போய் நிக்காம திரும்பி வரப் போறேன்" என்றாள்.

"அங்க யாருடி இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்லை. அதான் போறேன்."

ஜுலைகாவுக்கு விளங்கவில்லை. ரேணுகாம்பாளுக்கு அதற்கு மேல் விளக்கவும் தெரியவில்லை. இதுவரை ஓடியதெல்லாம் ஒருத்திக்குக் காட்டுவதற்காக. இந்தத் தடவை காட்ட ஆளே இல்லாத இடத்துக்குப் போய் வர வேண்டும் என்றிருந்தது.

மறுபடியும் பம்புசெட்டிலிருந்து ஆரம்பித்தாள். இம்முறை திட்டுவதற்கு யாரும் இல்லை. அதனால் காது திறந்துகொண்டது. தன் பாதம் மண்ணில் விழும் சத்தம், வயலில் இறைக்கும் தண்ணீர்ச் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் வாசல் தெளிக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. மார்கழிப் பனியில் ஒரு நாள் செவிலிமேட்டைத் தாண்டினாள். தாண்டிய பிறகும் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. திருப்பருத்திக்குன்றத்தில் ஜைனக் கோயில் தெருவுக்குள் நுழைந்தபோது, கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பதறி எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா இப்பிடி ஓடி வரே? யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலைம்மா. நான்தான் ஓடறேன்."

சொல்லிவிட்டுக் கோயிலின் வாசலில் கையை வைத்துத் தொட்டாள். திரும்பினாள். வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு இளைஞர் மன்றம் விளையாட்டுப் போட்டிகள் வைத்தது. ஆண்களுக்கு ஓரிக்கையிலிருந்து செவிலிமேடு போய்த் திரும்பும் ஓட்டப் பந்தயம். முதல் பரிசு எவர்சில்வர் குடம். பெண்களுக்குக் கோலமும், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடப்பதும். ரேணுகாம்பாள் நேராகத் தணிகாசலத்திடம் போனாள்.

"ஓட்டப் பந்தயத்துல என் பேரையும் சேத்துக்குங்க."

"பொம்பளைங்களுக்கு வேற வெச்சிருக்கோமேம்மா."

"கோலம் எனக்குச் சுமாராத்தான் வரும். ஓடத்தான் நல்லா வரும்."

"அதெல்லாம் சரிப்படாது. நடு ரோட்டுல மயங்கி உழுந்தா யாரு பதில் சொல்றது? அதுவும் உன் உடம்பு..."

"என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியும். ரோடு மன்றத்துக்குச் சொந்தமா?"

"அது எப்பிடிச் சொந்தமாவும்?"

"அப்பச் சரி. நீங்க உங்க போட்டியை நடத்துங்க. நான் என் பாட்டுக்கு ஓடிக்கினு போறேன்."

காணும் பொங்கல் அன்று காலை, விசில் ஊதியதும் இளவட்டங்கள் காளை மாதிரிச் சீறிக் கிளம்பினார்கள். கோட்டுக்குப் பின்னால், கூட்டத்தை விட்டு விலகி நின்றிருந்த ரேணுகாம்பாளும் கிளம்பினாள். பைஜாமாவைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. பையன்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். அவள் தன் வேகத்தை மாற்றவில்லை. பனைமர வரிசையைத் தாண்டியதும் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஐயனார் கோயில் திருப்பத்தில் இன்னும் சிலர் குந்தியிருந்தார்கள். "அக்கா, மொள்ள போக்கா" என்று கெஞ்சினான் ஒருவன். செவிலிமேட்டில் திரும்பியபோது அவளுக்கு முன்னால் ஒரு சின்னக் கும்பல்தான் இருந்தது. மேடு ஏறும் இடத்தில் அவர்களில் பாதிப் பேரைக் கடந்தாள்.

முதலாவதாக வரவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பழனி என்கிற ஒருவன் அவளுக்கு வெகு முன்னாலேயே வந்து குடத்தை வாங்கிக்கொண்டான். இன்னும் ஓரிருவரும் வந்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ரேணுகாம்பாள் வந்தாள். தணிகாசலம் மைக்கில் பேசுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கோலப் போட்டிக்காக உட்கார்ந்திருந்த பெண்கள் மாவுக் கையோடு எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து தில்லையம்மாள் வந்து, கூட்டம் பார்க்கத் தன் முந்தானையால் நாத்தனாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

இந்தச் செய்தி பிள்ளையார்பாளையம் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. தை மாதம் முடிவதற்குள் அங்கம்மாளும் கோதண்டபாணியும் பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு வந்து இறங்கினார்கள். ராஜவேலுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாயை விரித்தான், காப்பிக்குச் சொன்னான்.

"ஆம்பளைங்களையே முந்திட்டாளாமே" என்றாள் அங்கம்மாள், பெருமையோடு. "நோய் சுத்தமா போயிடுச்சின்னு ஊரெல்லாம் பேச்சு. அதான் எங்க பொண்ணை நாங்களே கூட்டிக்கினு போலாம்னு வந்தோம்."

இந்த நாளுக்காகத்தான் ரேணுகாம்பாள் ஒரு வருஷம் முழுக்க ஓடினாள். இப்படி வந்து நிற்பார்கள், நான் இன்னின்னது கேட்பேன் என்று பம்புசெட்டுக்கும் பனைமரத்துக்கும் நடுவில் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போது அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அத்தைக்குத் தலை நரைத்துப் போயிருந்தது. புருஷன் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரு சொன்னப்போ நீங்க நம்பலை அத்தே."

"கண்ணால பாத்தவங்க சொல்றப்போ நம்பித்தான ஆவணும்? சரி, பழசை உடு. ஒண்ணே ஒண்ணு. அங்க வந்தப்புறம் இந்த ஓட்டம், பைஜாமா எல்லாம் வேணாம். குடும்பத்துப் பொம்பளைக்கு அது அழகில்லை. நீ இன்னாபா சொல்றே?"

கடைசிக் கேள்வி மகனுக்கு. கோதண்டபாணி நிமிராமல், "அம்மா சொல்றது சரிதான்" என்றான்.

ரேணுகாம்பாள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஒரு வாட்டியாவது ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. அவன் இன்னொரு கோரையைப் பிய்த்தான். அவள் மாமியாரிடம் திரும்பினாள். "நான் ஓடறேன்னு கேள்விப்பட்டுத்தான் கூப்பிட வந்தீங்க. வந்ததும் ஓடாதேங்கறீங்க. நான் வரலை அத்தே. காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

"ரேணு!" என்றான் ராஜவேலு. "ஒத்தையா காலம் பூரா இன்னா பண்ணுவே?"

"அதை நான் பாத்துக்கறேன் அண்ணா. உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

அங்கம்மாள் எழுந்தாள். "திமிரு ஏறிப்போச்சி. இந்தத் திமிருக்கு எவனும் உன்னை வெச்சிப் பொழைக்க மாட்டான்" என்றாள். போகும்போது பூவையும் பழத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்துத் தில்லையம்மாள் மட்டும் சிரித்துவிட்டாள்.

அந்த வருஷமே கோதண்டபாணி வேறு கல்யாணம் செய்துகொண்டான். செய்தி வந்தபோது ரேணுகாம்பாள் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வாசல் கதவு திறந்த சத்தத்தை ராஜவேலு படுக்கையிலிருந்து கேட்டான். அதற்குப் பிறகு அவன் அவளை எதற்கும் தடுத்ததில்லை. ஜுலைகாவின் சிபாரிசில் டவுனில் பட்டு நூல் சுற்றும் வேலை கிடைத்தது. நாளடைவில் ஜுலைகாவிடமே தையலும் கற்றுக்கொண்டாள். வேலைக்கு நடந்து போவாள், நடந்து வருவாள். ஓட்டம் காலையில் மட்டும், அவளுக்காக மட்டும்.

மறுபடி பொங்கல் வந்தபோது மன்றத்தின் நோட்டீசில் ஓட்டப் பந்தயத்துக்குக் கீழே, "ஆண்களுக்கு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஜுலைகா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இப்ப இன்னாடி பண்ணப் போறே?" என்றாள்.

"அவங்களோட நான் எதுக்கு ஓடணும்? அவங்க செவிலிமேட்டோட திரும்பிடறாங்க."

காணும் பொங்கல் அன்று ஆண்கள் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, ரேணுகாம்பாள் திருப்பருத்திக்குன்றத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். புளியமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் எதிரே வந்தார்கள், சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு. அவள் ஓரம் ஒதுங்கவில்லை. நடுச் சாலையில் தன் வேகத்தில் வந்தாள். முன்னால் ஓடிய பழனி அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்துவிட்டு இடது பக்கம் விலகினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும், சிலர் முறைத்துக்கொண்டும் சிலர் சிரித்துக்கொண்டும், இரண்டு பக்கமும் பிரிந்து வழி விட்டார்கள்.